போர்டு மாறினால் முதலாளி மாறுவாரா?

பேர்ணாம்பட்டு டேனரி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்துவரும் தொழிலாளி ஒருவர் சில நாட்களுக்கு முன் சங்க ஆபீசுக்கு வந்தார். மூன்று சம்பளச் சீட்டுகளை மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார். ஒன்றில் பெரிய முதலாளியின் பெயரும் அதன் பின்னால் 'அன் சன்ஸ்' என்றும் அச்சாகியிருந்தது. இரண்டாவதில் அதே பெயரோடு 'அன் கம்பெனி'. மூன்றாவதில் 'பிரைவேட் லிமிடெட்'. "கேட்டு அதே கேட்டு. டிரம்மு அதே டிரம்மு. மேஸ்திரியும் அவரேதான். நான் மட்டும் மூணு கம்பெனிக்காரன் ஆயிட்டேன். நான் யாருக்கு வேலை செய்யறேன், நீங்களே சொல்லுங்க தோழர்" என்றார்.

அவர் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. போனஸ் கேட்டபோது, "இது புதுக் கம்பெனி, ஆரம்பித்து மூன்று வருஷம்தான் ஆகிறது, லாபம் வரவில்லை, போனஸ் கிடையாது" என்று கணக்குப்பிள்ளை சொல்லிவிட்டாராம். கிராஜுவிட்டிக்கும் அந்த மூன்று வருஷந்தான் கணக்காம். மாதச் சம்பளம் 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருஷ சர்வீசுக்குப் பதினைந்து நாள் சம்பளம், அதாவது 7,500 ரூபாய். இருபத்திரண்டு வருஷத்துக்கு 1,65,000 ரூபாய். மூன்று வருஷம் என்றால்? நிரந்தரத் தொழிலாளிக்கு ஐந்து வருஷம் முடிந்தால்தான் கிராஜுவிட்டி. ஆகவே பூஜ்யம். ஒரு போர்டை இறக்கி இன்னொரு போர்டை மாட்டியதில் ஒரு மனிதனின் இருபத்திரண்டு வருஷம் காணாமற் போய்விட்டது!

இது ஒரு டேனரியின் கதையல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்றங்கரை நெடுகிலும் இந்தப் போர்டு மாற்றம் நடந்து வருகிறது. ஆகவே 'கம்பெனி' என்றால் என்ன, அதை எதற்காகப் பதிவு செய்கிறார்கள், அதனால் வரியில் என்ன மிச்சம், அந்த மிச்சத்தில் நம் தலையில் விழுவது என்ன என்பதைத் தொழிலாளிகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் பக்கத்து ஜனங்கள் டேனரியானாலும் ஷூ தைக்கும் இடமானாலும் "கம்பெனிக்குப் போறேன்" என்றுதான் சொல்வார்கள். சட்டத்துக்கு அதெல்லாம் கம்பெனி ஆகிவிடாது. ஒருவரே போட்டு நடத்தினால் அது சொந்த வியாபாரம். கடனும் அவருடையது, பாக்கியும் அவருடையது. அண்ணன் தம்பிகள் கூடி நடத்தினால் கூட்டு வியாபாரம். அதற்கு 1932 ஆம் வருஷத்துச் சட்டம். ஜில்லா ரிஜிஸ்திராரிடம் பதிவு செய்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதிவு செய்யாத கூட்டு, வெளியார் மேல் பாக்கிக்கு வழக்குப் போட முடியாது. ஆனால் அதன் மேல் யாரும் வழக்குப் போடலாம். இதிலே தொழிலாளி கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கூட்டின் பாக்கிக்கு ஒவ்வொரு பங்காளியும் தன் சொந்தச் சொத்தைக் கொண்டும் பதில் சொல்லியாக வேண்டும். டேனரி மூழ்கினாலும் பங்காளியின் வீடும் தோப்பும் பிடிக்குள் இருக்கும்.

மூன்றாவதுதான் கம்பெனி. 1956 ஆம் வருஷத்துச் சட்டத்தில் பிரைவேட் கம்பெனியின் பங்குதாரர் ஐம்பது பேருக்கு மேல் போகக்கூடாது என்றிருந்தது; 2013 ஆம் வருஷத்துச் சட்டம் அதை 200 ஆக்கியது. ஆரம்பிக்க இரண்டு பேர் போதும். புருஷனும் மனைவியும் போதும். குறைந்தது 1 லட்ச ரூபாய் மூலதனம் வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. 2015 இல் அதையும் எடுத்துவிட்டார்கள். பதிவானவுடன் அந்தக் கம்பெனி சட்டத்தின் முன் தனியான ஓர் 'ஆள்' ஆகிவிடுகிறது. பிறந்தவர்களும் இல்லை, பெற்றவர்களும் இல்லை, ஆனால் ஆள்! கடன் அந்த ஆளுடையது. நம்முடைய சம்பளப் பாக்கியும் அந்த ஆள் தரவேண்டியது. முதலாளி குடும்பம் போட்ட பங்குப் பணத்தோடு அவர்கள் பொறுப்பு முடிந்தது.

இந்த விசித்திரத்துக்கு வழிகாட்டிய வழக்கும் நம் தொழிலில் பிறந்ததுதான். லண்டனில் ஒயிட்சேப்பல் என்ற பேட்டையில் ஆரோன் சாலமன் என்ற பூட்ஸ் முதலாளி இருந்தார். 1892 இல் தம் வியாபாரத்தைத் தாமே ஒரு கம்பெனியாகப் பதிவு செய்து, தம்மிடமிருந்து தாமே அதை 39,000 பவுனுக்கும் மேல் விலைக்கு வாங்கிக்கொண்டார். அன்றைய சட்டத்துக்கு ஏழு பேர் தேவை. மனைவி, மகள், நான்கு மகன்கள், ஆளுக்கு ஒரு பங்கு. மீதி 20,001 பங்கும் அவருக்கு. விலையில் 10,000 பவுனைக் கம்பெனி தமக்குத் தரவேண்டிய அடமானக் கடன் என்றும் எழுதிக்கொண்டார். ஓராண்டு சொச்சத்தில் கம்பெனி விழுந்தது. தொழிலாளர் வேலைநிறுத்தமும் அதற்கு ஒரு காரணம் என்று தீர்ப்பிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்திலும் பழி நம்மேல்தான்! கீழ்க் கோர்ட்டுகள் இது வெறும் வேஷம் என்று சொல்லின. பிரபுக்கள் சபை 1896 நவம்பரில், கம்பெனி வேறு, சாலமன் வேறு என்று தீர்ப்பளித்தது. அடமானக் கடன்காரர் என்ற முறையில் சாலமன் தரப்புக்கு முன்வரிசை. சரக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. உலகத்தில் பாதி தேசங்களின் கம்பெனிச் சட்டம் இன்றும் அந்தப் பூட்ஸ் கடையின் மேல்தான் நிற்கிறது.

விவசாயத் தொழிலாளர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. 1961 ஆம் வருஷத்து நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது; 1970 இல் அது 15 ஆயிற்று. மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? மனைவி பெயரில் கொஞ்சம், மருமகன் பெயரில் கொஞ்சம், தர்மத்தின் பெயரில் கொஞ்சம். ஏர் ஓட்டியவனும் ஒருவன்தான், களத்தில் நெல் அளந்து வாங்கியவரும் ஒருவர்தான். பட்டாவில் மட்டும் பத்துப் பேர். வயலில் பட்டா செய்ததை டேனரியில் பதிவுப் பத்திரம் செய்கிறது.

இனி வரிக்கு வருவோம். சுதந்திரம் வந்த புதிதில் குடும்பக் கம்பெனிகளைச் சர்க்கார் கொஞ்சம் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தது. பொதுமக்களுக்குப் பங்கில்லாத கம்பெனி, லாபத்தைப் பங்கீடு செய்யாமல் உள்ளேயே பூட்டி வைத்தால் அதற்குத் தனி வரி இருந்தது. அந்த ஏற்பாடு 1987 இல் நீக்கப்பட்டது. செத்தவர் விட்டுப்போன சொத்துக்கு 1953 முதல் வரி இருந்தது. 1985 இல் போயிற்று. கால்டார் என்ற இங்கிலாந்துப் பொருளாதார நிபுணரின் யோசனைப்படி 1957 இல் வந்த செல்வ வரி 2015 பட்ஜெட்டில் போயிற்று. 1958 இல் வந்த அன்பளிப்பு வரி 1998 இல் போயிற்று. தகப்பன் சேர்த்தது பிள்ளைக்குப் போகும் வழியில் இருந்த சுங்கச் சாவடிகள் எல்லாம் இடிக்கப்பட்டுவிட்டன. தொழிலாளி மட்டும் சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் வரி கட்டிக்கொண்டிருக்கிறான்.

2019 செப்டம்பரில் ஓர் அவசரச் சட்டம் வந்தது. சலுகைகள் சிலவற்றை விட்டுக்கொடுக்கும் கம்பெனிகளுக்கு வருமான வரி 22 சதவிகிதம். மேல்வரியும் தீர்வையும் சேர்த்து 25.17. கூட்டு வியாபாரத்துக்கோ பழைய 30 சதவிகிதமே நின்றது. லாபம் ஒரு கோடியைத் தாண்டினால் மேல்வரி உள்பட 34.94. இரண்டு கோடி லாபம் காட்டும் ஒரு டேனரி, கூட்டாக இருந்தால் சுமார் 70 லட்சம் கட்டவேண்டும். கம்பெனியாக இருந்தால் 50 லட்சம் போதும். போர்டு மாற்றியதற்குக் கூலி வருஷம் 20 லட்சம்! கூட்டைக் கம்பெனியாக மாற்றும்போது சொத்து கைமாறுவதற்கும் வரி கிடையாது. பழைய பங்காளிகள் அதே விகிதத்தில் பங்குதாரர் ஆகவேண்டும், ஐந்து வருஷம் பாதிக்குக் குறையாத வாக்குரிமையை வைத்திருக்க வேண்டும் என்பது போன்ற சில நிபந்தனைகள்தான். அதாவது முதலாளி மாறக்கூடாது என்பதே சலுகைக்கு நிபந்தனை! வரி இலாகாவிடம் "அதே ஆட்கள்தான் நாங்கள்" என்று எழுதிக் கொடுப்பவர்கள், தொழிலாளியிடம் "நாங்கள் புதியவர்கள்" என்கிறார்கள். இரண்டில் எது பொய் என்று யாராவது கேட்க வேண்டாமா?

கம்பெனி லாபத்தைப் பங்கு வருமானமாக வெளியே எடுத்தால் 2020 முதல் பங்குதாரர் கையில் மறுபடி வரி உண்டு. இதைச் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையானவர்கள் அல்ல. ஆனால் அதனால்தான் அவர்கள் அப்படி எடுப்பதில்லை. டைரக்டர் சம்பளம், கட்டட வாடகை, கடன் வட்டி என்று எடுக்கிறார்கள். இவை லாபத்துக்கு முன்னால் கழியும் செலவுகள். பப்ளிக் கம்பெனி டைரக்டர்களின் சம்பளத்துக்குச் சட்டம் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. பிரைவேட் கம்பெனிக்கு அந்த வரம்பு இல்லை. 2025-26 வருமான ஆண்டிலிருந்து தனி நபருக்குப் புதிய முறைப்படி 12 லட்ச ரூபாய் வருமானம் வரை வரி இல்லை. ஐந்து டைரக்டர்கள், ஆளுக்கு மாதம் ஒரு லட்சம். 60 லட்சம் வெளியே போயிற்று; வேறு வருமானம் இல்லாதவர்களானால் வரி ஒரு காசு இல்லை. உறவினருக்கு அளவுக்கு மீறிக் கொடுத்தால் வரி அதிகாரி அதைச் செலவாக ஒப்புக்கொள்ளாமல் தள்ளலாம். அந்த அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது. உண்மையாக வேலை பார்க்கும் டைரக்டர் சம்பளம் வாங்குவதையும் நாம் ஆட்சேபிக்கவில்லை. காலேஜில் படிக்கும் பிள்ளை எந்த டிரம்மைச் சுற்றினார் என்றுதான் கேட்கிறோம்.

இது போனஸை எப்படித் தின்கிறது? ஒரு கணக்குப் போடுவோம். குடும்பத்துக்கு எதுவும் போகுமுன் ஒரு டேனரிக்கு ஒரு கோடி மிஞ்சுகிறது. வரி போக 75 லட்சம். மூலதனத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் கழிவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மிச்சத்தில் 60 சதவிகிதம் போனஸுக்கு உரிய தொகை, 45 லட்சம். இப்போது குடும்பம் உள்ளே வருகிறது. டைரக்டர் சம்பளம் 60 லட்சம். இடம் அம்மாவின் பெயரில். மாதம் ஒரு லட்சம் வாடகை, 12 லட்சம். அண்ணன் தம்பிகள் கம்பெனிக்குக் கொடுத்த ஒரு கோடிக்கு 12 சதவிகித வட்டி, 12 லட்சம். மீதி 16 லட்சம். வரி போக 12. அதில் 60 சதவிகிதம், 7 லட்சம் சொச்சம். தோல் அதே தோல், வியர்வை அதே வியர்வை. 45 லட்சம் 7 லட்சமாயிற்று. பிறகு, "நஷ்டத்திலும் 8.33 கொடுக்கிறோமே" என்று உபகாரம் பேசுவார்கள். 20 சதவிகிதம் வரை கேட்கச் சட்டம் இடம் தருகிறது என்பதை யாரும் நமக்கு ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

இந்த வாடகைக்கு இன்னொரு முகமும் உண்டு. இடமும் கட்டடமும் அம்மாவுடையது, மெஷின் பாங்கிக் கடனில் வாங்கியது என்றால் கம்பெனி என்ற அந்த 'ஆளுக்கு' என்ன சொத்து இருக்கிறது? 2016 ஆம் வருஷத்துத் திவால் சட்டம், கம்பெனியைக் கலைக்கும்போது தொழிலாளியின் 24 மாதப் பாக்கியை அடமானக் கடன்காரரோடு சம வரிசையில் வைத்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் இலையில் சோறு இருந்தால்தானே பந்தியில் முதல் வரிசை எதற்காவது உதவும்?

கணக்கைத் துண்டு போட்டு போனஸைக் குறைக்கும் தந்திரத்தைச் சுப்ரீம் கோர்ட் ஒருமுறை கையும் களவுமாகப் பிடித்திருக்கிறது. குஜராத்தில் பவநகரில் அசோசியேட்டட் ரப்பர் இண்டஸ்ட்ரி என்ற கம்பெனி தன்னிடமிருந்த வேறொரு கம்பெனியின் பங்குகளை, 1968 இல், தானே முழுக்கச் சொந்தமாகத் தொடங்கிய ஒரு சேய்க் கம்பெனிக்கு மாற்றிவிட்டது. அந்தச் சேய்க் கம்பெனிக்கு வேறு தொழிலே இல்லை. பங்கு வருமானம் அங்கே போய்விட்டதால் தாய்க் கம்பெனியின் லாபம் இளைத்தது. தொழிலாளிக்கு 16 சதவிகிதமாக வரவேண்டிய போனஸ் 4 சதவிகிதமாயிற்று. கீழே எல்லோரும், "இரண்டும் தனித்தனிக் கம்பெனிகள், என்ன செய்ய?" என்றார்கள். 1985 இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி திரையை விலக்கிப் பார்த்தார். போனஸைக் குறைப்பதைத் தவிர அந்தக் கம்பெனிக்கு வேறு நோக்கமே இல்லை என்று கண்டு, அந்த வருமானத்தையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொன்னார். சாலமன் கட்டிய சுவரில் தொழிலாளிகள் உடைத்த துவாரம் அது.

பேர்ணாம்பட்டுத் தோழருக்கு அவ்வளவு தூரம் போகவே தேவையில்லை. 1965 ஆம் வருஷத்துப் போனஸ் சட்டம், புதுத் தொழிலுக்கு முதல் ஐந்து வருஷம் லாபம் வந்தால்தான் போனஸ் என்று சலுகை கொடுத்தது உண்மை. ஆனால் அதே இடத்தில் ஒரு விளக்கமும் எழுதி வைத்தது: இடமோ, நிர்வாகமோ, பெயரோ, சொந்தக்காரரோ மாறியதால் மட்டும் ஒரு தொழில் புதுத் தொழில் ஆகிவிடாது. 2025 நவம்பர் 21 இல் அந்தச் சட்டம் கூலிச் சட்டத் தொகுப்புக்குள் போனபோதும் இந்த விளக்கம் போகவில்லை, 8.33, 20 என்ற அளவுகளும் போகவில்லை. கணக்குப்பிள்ளை சலுகையை வாசித்தார், விளக்கத்தை வாசிக்கவில்லை. கிராஜுவிட்டி விஷயமும் அப்படித்தான். தொழில் கைமாறும்போது வேலை அறுபடாமல் நடந்தால் பழைய சர்வீஸ் கூடவே வரும். அறுபட்டதாகக் காட்டுவதற்குத்தான் போர்டு மாறும் சமயத்தில் ஐயாயிரம் பத்தாயிரம் கொடுத்து, "கணக்கு முடிந்தது" என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தக் காகிதத்தைப் படிக்காமல், சங்கத்திடம் காட்டாமல் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது. பழைய சர்வீஸ் தொடர்கிறது என்று புதுக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

மூன்று கம்பெனி, நான்கு கம்பெனி என்று ஒரே காம்பவுண்டுக்குள் வைப்பதற்கு வரி மட்டும் காரணமல்ல. 20 பேர் இருந்தால்தான் பிராவிடண்ட் பண்டும் போனஸும். 10 பேர் இருந்தால் இ.எஸ்.ஐ.யும் கிராஜுவிட்டியும். மின்சாரத்தில் ஓடும் தொழிற்சாலைக்குப் பத்துப் பேர் என்றிருந்த அளவைப் புதிய தொகுப்பு 20 ஆக்கிவிட்டது. அறுபது பேரை நான்கு பெயரில் பிரித்தால் பெயருக்குப் பதினைந்து. கட்டிங் ஒரு பெயரில், தையல் ஒரு பெயரில், பாக்கிங் ஒரு பெயரில்! உண்மையில் இது ஒரே ஸ்தாபனமா என்று பார்க்க, 1960 ஆம் வருஷத்துச் சட்ட அறிக்கைகளில் வெளிவந்த அசோசியேட்டட் சிமெண்ட் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சில அடையாளங்களைச் சொன்னது. சொந்தக்காரர் ஒருவரா, நிர்வாகம் ஒன்றா, ஆட்கள் இங்குமங்கும் மாற்றப்படுகிறார்களா, ஒன்றில்லாமல் மற்றது நடக்குமா என்று பார்க்க வேண்டும். அந்த வழக்கில் தோற்றது தொழிலாளிகள். சுரங்கமும் ஆலையும் ஒன்றே என்று சொல்லி, சுரங்கத்தில் வேலைநிறுத்தம் நடந்ததற்காக ஆலைத் தொழிலாளியின் லே-ஆப் நஷ்டஈட்டை மறுத்தார்கள். முதலாளி தனக்காகக் கேட்டு வாங்கிய அந்த அளவுகோலைத்தான் இன்று பிராவிடண்ட் பண்டு வழக்குகளில் தொழிலாளிகள் அவருக்கு எதிரே நீட்டுகிறார்கள்.

கம்பெனிப் பதிவில் நமக்கு ஒரு லாபமும் இருக்கிறது. இதைப் பலர் அறியார். கூட்டு வியாபாரத்தின் கணக்கு முதலாளியின் இரும்புப் பெட்டியில் தூங்கும். வெளியார் பார்க்க முடியாது. கம்பெனியோ வருஷா வருஷம் தன் ஐந்தொகையையும் லாப நஷ்டக் கணக்கையும் கம்பெனி ரிஜிஸ்திராரிடம் தாக்கல் செய்ய வேண்டும். 1956 ஆம் வருஷத்துச் சட்டம் பிரைவேட் கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கை மட்டும் வெளியார் கண்ணுக்கு மறைத்து வைத்தது. 2013 ஆம் வருஷத்துச் சட்டத்தில் அந்த மறைப்பு இல்லை. 100 ரூபாய் கட்டணம் கட்டினால், சர்க்காரின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். 'சிறு கம்பெனி' என்ற பெயரில் சில படிவச் சலுகைகள் உண்டு. கணக்கு தாக்கல் செய்வதிலிருந்து சலுகை இல்லை. டைரக்டர்கள் யார் யார், அவர்களுக்கு மொத்தச் சம்பளம் எவ்வளவு, உறவினருக்குப் போன வாடகை எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பதெல்லாம் அதில் கிடக்கிறது. தணிக்கையான கம்பெனிக் கணக்கை போனஸ் வழக்கில் சரியானதென்றே கொள்ளவேண்டும் என்று சட்டம் முதலாளிக்கு ஒரு கவசம் கொடுத்திருக்கிறது. ஆனால் எந்த இனத்துக்கும் விளக்கம் கேட்கும் உரிமையைச் சங்கத்துக்கும் கொடுத்திருக்கிறது. போனஸ் பேச்சுவார்த்தைக்குப் போகுமுன் அந்த நூறு ரூபாயைச் செலவழிக்காத சங்கம், தராசைப் பார்க்காமல் தோல் விற்றவனைப் போன்றது.

பெயருக்குப் பின்னால் ஆளைத் தேடும் கஷ்டம் ஆலைக்குள் மட்டுமல்ல. பாலாற்றையும் கிணற்றையும் கழிவு நீரால் கெடுத்த டேனரிகள் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 இல், கெடுத்தவனே கொடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அதன்படி அமைந்த அதிகார சபை 547 தொழிற்சாலைகளைக் கணக்கிட்டு, 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்சம் நஷ்டஈடு என்று 2001 இல் முடிவு செய்தது. 2025 ஜனவரி 30 இல் சுப்ரீம் கோர்ட் மறுபடியும், கொடுபடாத நஷ்டஈட்டை ஆறு வாரத்தில் சர்க்கார் கொடுத்துவிட்டுக் கெடுத்தவர்களிடம் வசூலிக்கட்டும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. இருபத்து நான்கு வருஷத்தில் எத்தனை போர்டுகள் இறங்கியிருக்கும், எத்தனை ஏறியிருக்கும்! நிலம் கெட்ட விவசாயத் தொழிலாளியும் சர்வீஸ் போன டேனரித் தொழிலாளியும் ஒரே கதவைத்தான் தட்டுகிறார்கள்.

தொழிற்சாலைச் சட்டம் மாத்திரம் இந்த விஷயத்தில் ஏமாறவில்லை. கம்பெனிக்கு விலங்கு மாட்ட முடியாது என்று அதற்குத் தெரியும். ஆகவே தொழிற்சாலையின் பொறுப்பாளியாக ஒரு டைரக்டரே இருக்க வேண்டும், மானேஜர் தலையில் கட்டிவிட்டு நழுவக்கூடாது என்பதைச் சுப்ரீம் கோர்ட் 1996 இல் உறுதி செய்தது. 2015 ஜனவரி 31 இல் ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகள் சேற்றில் மாண்டார்கள். அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தை நடத்தியதும் டேனரிகள் சேர்ந்து பதிவு செய்த ஒரு கம்பெனிதான்.

பேர்ணாம்பட்டுத் தோழரின் மூன்று சீட்டுகளையும் நகல் எடுத்துக்கொண்டு அசலை அவரிடமே கொடுத்துவிட்டோம். அதே டேனரியில் அவரோடு சேர்ந்தவர்கள் இன்னும் பதினொரு பேர் இருக்கிறார்களாம். அவர்களில் நான்கு பேர் 'அன் சன்ஸ்' காலத்துச் சீட்டைத் தொலைத்துவிட்டார்கள். பழைய பிராவிடண்ட் பண்டு நம்பர், இ.எஸ்.ஐ. அட்டை, பாங்கிப் புத்தகத்தில் சம்பளம் விழுந்த பக்கம், எது கிடைத்தாலும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். புதுக் கம்பெனியின் மூன்று வருஷக் கணக்குக்கும் நூறு ரூபாய் கட்டியாகிவிட்டது.